தண்ணீருக்கு முன்னால் வாய்க்கால்

என் அக்காவின் வீட்டுக்காரர், கிணற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே வாய்க்கால் வெட்டினார். திட்டக்குடியை அடுத்த மங்களூர் பக்கத்து ஆட்கள் அதை வேடிக்கை பார்க்க வந்தார்கள். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிறு பிடித்துக் கோடு கிழித்து, கிணற்று விளிம்பிலிருந்து கொல்லையின் கடைசி மூலை வரைக்கும் மண்வெட்டியால் நேராக இழுத்துக்கொண்டு போனார். கிணறு அப்போது வெறும் காய்ந்த குழி. அடியில் வெள்ளையாக ஒரு மண் தெரிந்தது, அவ்வளவுதான்.

அவருக்குப் பைத்தியம் எதுவும் பிடிக்கவில்லை. அவர் பிறந்த ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

விருத்தாசலத்துக்குக் கிழக்கே ஒரு பூமி, மேற்கே வேறு பூமி. கிழக்கே செம்மண்ணும் முந்திரியும் பலாவும். அடியில் மணலும் களியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் விரித்த மாதிரி கிடக்கும். களிக்குக் கீழே தண்ணீர் மூச்சு முட்டிக்கொண்டு அடைபட்டிருக்கும். அந்தக் களியில் ஒரு பொத்தல் போட்டால் போதும், மோட்டார் இல்லாமல் தானாக மேலே பொங்கி வரும். மாமாவின் அப்பா காலத்தில் அவர்கள் கரும்புக்கும் நெல்லுக்கும் அந்தத் தண்ணீர்தான் பாய்ந்தது. அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. தோண்டும்போது வெள்ளைக் களி தட்டியதும் வேலையை நிறுத்திவிடுவார்கள். வீட்டு ஆண் பெண் எல்லோரும் இறங்கி வாய்க்காலை வெட்டி முடித்த பிறகுதான் களியைத் துளைப்பார்கள். இல்லாவிட்டால் பொங்கி வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் நட்டதை எல்லாம் மூழ்கடித்துவிடும்.

அதே களிக்கு அடியில் பழுப்பு நிலக்கரியும் இருந்தது. சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்ட ஊர்களில் மாமாவின் ஊரும் ஒன்று. எங்கள் பக்கத்தில் இது பெரிய கதையாக யாரும் சொல்வதில்லை. உனக்கு எந்த ஊர் என்று கேட்டால், "அது இப்ப சுரங்கத்துல இருக்குது" என்பார்கள், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

ஊர் போன பிறகு அக்காவும் மாமாவும் விருத்தாசலத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தார்கள். அப்புறம் கருவேப்பிலங்குறிச்சியில் குத்தகைக்கு நிலம் பிடித்தார்கள். வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிய வருடம் அந்த நெல் போயிற்று. அதன் பிறகுதான் மேற்கே மங்களூர் பக்கம் இந்தக் கொல்லையை வாங்கினார்கள். கரிசல், மானாவாரி, மழையை நம்பி வரகும் கம்பும் பருத்தியும். கிழக்கே கையகலம் வாங்குகிற பணத்துக்கு இங்கே கண் எட்டுகிற தூரம் கிடைத்தது. ஏன் அப்படிக் கிடைக்கிறது என்று மாமா யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கிணறு வெட்டினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருப்பார்.

நான் அப்போது விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் இருந்தேன். எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து என் கால் ஓரிடத்தில் நின்றதில்லை. லாரியில் கிளீனர், கரும்பு வெட்டும் கூட்டத்தில் ஓர் ஆள், செங்கல் சூளை, பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டி, ஓட்டலில் மாவாட்டுதல் என்று போய்க்கொண்டே இருந்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. ஓர் இடத்தில் சோறு ஒழுங்காகக் கிடைக்க ஆரம்பித்ததும் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். மூட்டை என்று பெரிதாக எதுவும் இல்லாததால் கிளம்புவதும் சுலபம். எங்கே சுற்றினாலும் திரும்பி வர ஓர் இடம் என்றால் அது அக்கா இருக்கும் இடம்தான். அக்காவோ நான் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வேறு இடத்தில் இருந்தாள்.

செராமிக் கம்பெனியில் நாங்கள் செய்தது ப்யூஸ் கட்டை. மின்சாரப் பெட்டியில் கம்பி கட்டிச் சொருகும் வெள்ளைப் பீங்கான் கட்டை. பக்கத்துக் கம்பெனிகளில் அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி. விருத்தாசலத்தில் வெள்ளைப் பவுடர் அப்பாத ஆளே இல்லாத தெருக்கள் இருந்தன. சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மாவு மில்லிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். எங்கள் மண் கிழக்கேயிருந்து வந்தது. கரியை எடுப்பதற்காக மேலே இருந்து வாரிப் போட்ட களி. லாரி வந்து கொட்டும். அதைத் தொட்டியில் ஊற வைத்து, வடிகட்டி, கூழாக்கி அச்சில் ஊற்றுவோம். அது மாமா ஊர்ப் பக்கத்து மண் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடியில் இறங்கி, மங்களூர் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் வாய்க்கால் வேலை நடந்துகொண்டிருந்தது.

பக்கத்துக் கொல்லைக்காரம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கை, வாயில் வெற்றிலை. அந்த வட்டாரத்தில் அவர் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது.

"ஏம்ப்பா, பொண்ணே பாக்கல, அதுக்குள்ள தொட்டில் கட்டிட்டியே!"

வரப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா மண்வெட்டியைக் கழுவுகிற மாதிரி புல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"சிரிங்க. தண்ணி பொங்கி வர்ற அன்னிக்கு நீங்கதான் வந்து நிப்பீங்க, ஒரு மடை இந்தப் பக்கம் திருப்பி வுடுன்னு."

"பொங்கி வருதா? எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து பாக்கறேன். இங்க தண்ணி எஞ்சினு வச்சி இழுத்தாலே மொறச்சிக்கினு வரும். சோறுதான்ப்பா இங்க பொங்குது, அதுவும் நாங்க அடுப்பு எரிச்சா."

"வெள்ளக் களி தட்டிடுச்சிம்மா. எங்க ஊருல இதப் பாத்தா தேங்கா ஒடைப்பாங்க."

"ஒடை. துண்டு ஒண்ணு எனக்கும் குடு."

மாமாவும் சிரித்துவிட்டார். அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகு காலமாகியிருந்தது. ஊர் போன பிறகு அவர் முகத்தில் எதையோ வைத்த இடம் மறந்த மாதிரி ஒரு தேடல் இருக்கும். அன்றைக்கு அது இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள். பழைய துணியில் சுற்றிய ஒரு கட்டியைக் கையில் கொடுத்தாள். கிணற்றின் அடியில் எடுத்த வெள்ளை மண்.

"இத உங்க சூளையில வச்சிப் பாரு. அந்தப் பக்கத்து மண்ணுதானா இதுன்னு சொல்லு."

"மாமாவே அடிச்சிச் சொல்றாரே."

"அவரு சொல்லுவாரு. நடறதுக்குக் கரும்புக் கரணை வாங்கணும்னு ஜோடி மாட்ட விக்கப் போறாரு. அடுத்த சந்தைக்குப் பேசி வச்சிட்டாரு. தண்ணி வரலன்னு வச்சிக்க, மாடும் இல்ல, கரும்பும் இல்ல. மானாவாரிக்கு உழக்கூட வழியில்ல. அப்பறம் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குத்தான் போவணும், குடும்பத்தோட. நேத்தே சொல்லிட்டாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் போவ மாட்டேன்டா. இன்னொரு ஊருக்குச் சட்டி பானையத் தூக்கிக்கினு எங்கயும் போவ மாட்டேன். மாடு இருந்தா இங்கயே எதையாவது வெதச்சிக்கினு கெடப்பேன். சந்தைக்கு முன்ன வந்து சொல்லு."

பஸ்ஸில் வரும்போதே அந்தக் கட்டியைப் பிசைந்து பார்த்தேன். வெள்ளைதான். நாக்கில் வைத்தால் ஒட்டியது, எங்கள் மண் ஒட்டுகிற மாதிரியே. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் நடுநடுவே நறநறவென்றது. அதுவும் பெரிய அடையாளம் இல்லை, எங்கள் மண்ணிலும் மணல் இருக்கும். நெருப்பில் வைத்தால்தான் தெரியும்.

நாங்கள் வார்த்துக் காய வைத்த சாமான் எல்லாம் ஒரு பெரிய பொதுச் சூளைக்குப் போகும். குகை மாதிரி நீளமான சூளை. தண்டவாளத்தில் டிராலி ஒரு முனையில் உள்ளே நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மறுநாளுக்கும் மறுநாள் மறுமுனையில் வெளியே வரும். பல கம்பெனிச் சாமானும் அதில்தான் வேகும். டிராலியில் அடுக்குகிற வேலை பெண்களுடையது. எங்கள் டிராலியை அடுக்குகிற பெண்ணிடம் போய், ப்யூஸ் கட்டை அளவுக்கு உருட்டிக் காய வைத்திருந்ததை நீட்டினேன்.

"இன்னாடா இது, கொழுக்கட்டையா?"

"மண்ணுக்கா. எங்க மாமா கெணத்து மண்ணு. கெணத்துல இன்னும் தண்ணி வரல. ஓரமா வச்சிக் குடுங்க."

"உங்க மாமா கெணத்துல தண்ணி வரலன்னா அத ஏன் அடுப்புல வக்கிற? சூப்பர்வைசர் பாத்தா உன்னையும் சேத்து வச்சி வேக வச்சிடுவாரு."

திட்டிக்கொண்டேதான் மூன்று ப்யூஸ் கட்டைகளுக்கு நடுவில் இடம் செய்து வைத்தாள்.

டிராலி உள்ளே போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்கு நடுவில் சூளையின் மறுமுனைக்குப் போய் நின்று பார்ப்பேன். வேறு கம்பெனி டிராலி வரும், சூடு முகத்தில் அடிக்கும், திரும்பி வருவேன். ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவினால் காது அங்கே போகும். திருச்சிப் பக்கமா, சேலம் பக்கமா, கடலூர்ப் பக்கமா என்று சத்தத்தை வைத்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழகியிருந்தது. ஏறிப் போய்விடலாம் என்று அந்த இரண்டு நாளில் எத்தனை தடவை நினைத்தேனோ. நல்ல சேதியாக இருந்தால் வேறு யாராவது சொல்லட்டும், கெட்ட சேதியாக இருந்தாலும் வேறு யாராவது சொல்லட்டும் என்று இருந்தது.

டிராலி வெளியே வந்தபோது சூப்பர்வைசர்தான் முதலில் பார்த்தார்.

"எவன்டா இந்தப் பாயசத்த உள்ள வச்சது?"

என் உருண்டை உருண்டையாக இல்லை. பச்சையும் பழுப்புமாக உருகி, கண்ணாடி மாதிரி டிராலியின் சுட்ட மண் பலகை மேல் ஓடி, மூன்று ப்யூஸ் கட்டைகளையும் காலில் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைகள் மட்டும் வைத்தது வைத்தபடி வெள்ளையாக நின்றன.

சுண்ணாம்பு கலந்த மண் பெரிய சூட்டில் இப்படித்தான் ஓடும். செராமிக்கில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் களி அந்தச் சூட்டில் இறுகும். இது கிழக்கு மண் இல்லை. மங்களூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் கரிசலுக்குக் கீழே சுக்கான்கல் கிடக்கும், சுண்ணாம்புக் கட்டி. அது தண்ணீரில் ஊறிக் கரைந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதைத்தான் மாமா வெள்ளைக் களி என்று கொண்டாடியிருக்கிறார். அவர் ஊரில் நிலத்துக்கு அடியில் வெள்ளை என்றால் அது ஒரே ஒரு பொருள்தான். வேறொரு வெள்ளை இருக்கும் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தண்டனையாக என்னை அச்சு ஊற்றும் இடத்திலிருந்து மண் ஊறும் தொட்டிக்கு மாற்றினார்கள். அடுத்த நாள் அந்தத் தொட்டிக்கும் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல், உருகிய கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ப்யூஸ் கட்டையைப் பலகைத் துண்டோடு தட்டிப் பெயர்த்து, துண்டில் சுற்றிக்கொண்டு திட்டக்குடி பஸ் ஏறினேன். அன்றைக்குத்தான் சந்தை.

நான் போகும்போது மாடு இரண்டையும் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவி வாசலில் கட்டியிருந்தார்கள். மாமா வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். அக்கா கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் துண்டை அவிழ்த்து மாமாவின் கையில் கொடுத்தேன்.

"இன்னா மச்சான் இது?"

"உங்க கெணத்து மண்ணு மாமா. சூளையில வச்சோம். ஓடிப் போச்சி. இது களி இல்ல, சுண்ணாம்பு."

அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த நெருப்புல வச்சா எதுவும்தான் உருகும்."

"இந்த வெள்ளக் கட்டை உருகலியே. அது உங்க ஊருப் பக்கத்துக் களி. சுரங்கத்துலேருந்து வாரிப் போட்டது, லாரியில எங்களுக்கு வருது."

"எங்க ஊரு மண்ணா?"

"அந்தப் பக்கத்து மண்ணு. எந்த ஊருன்னு லாரிக்காரனுக்கே தெரியாது."

அவர் உருகியதை விட்டுவிட்டு அந்த ப்யூஸ் கட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். "இதுலயா கம்பி கட்டுவாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கரண்ட்டு இதத் தாண்டிப் போவாதா?" போகாது என்றேன்.

மாட்டுத் தரகர் சைக்கிளில் வந்து வாசலில் மணியடித்தார். "மாடு கெளம்பலியா? சந்த கலைஞ்சா யாரு வாங்குவா?"

அதற்குள் அக்கா ஒரு கூடை மல்லாட்டைக் கொடியைக் கொண்டுவந்து மாடுகளுக்கு முன்னால் உதறினாள். நிலக்கடலை பிடுங்கிய பிறகு மிஞ்சுகிற அந்தக் கொடி என்றால் மாடு தலையை எடுக்காது.

"சந்தைக்குப் போற மாட்டுக்கு இப்ப ஏன்மா தீனி?" என்றார் தரகர்.

"போவல," என்றாள் அக்கா.

தரகர் மாமாவைப் பார்த்தார். மாமா கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரகர் எங்கள் பரம்பரையையே ஒரு சுற்றுத் திட்டிவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

மாடு தப்பியது. ஆனால் மாமா கிணற்றை விடவில்லை. களி இல்லையென்றால் அடியில் தண்ணீர் இல்லை என்று அர்த்தமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது மண் நெருப்பில் என்ன ஆகும் என்பது மட்டும்தான். நானும் அங்கேயே தங்கி அவரோடு தோண்டினேன். செராமிக்கில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்திருப்பான், அதைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. வெள்ளை முடிந்ததும் பாறை. கடப்பாறை பட்டால் பொறி பறந்தது. வெடி வைக்கிற ஆட்களைக் கூட்டி வந்தோம். வெடித்த பிறகு புகை அடங்கும் வரை மாமா விளிம்பில் குந்தி, காதைக் கிணற்றுக்குள் கொடுத்துக் கேட்பார். பொங்குகிற சத்தம் வருமா என்று.

வந்த தண்ணீர் சத்தமே போடவில்லை. பாறையில் ஒரு விரிசல், அதிலிருந்து பக்கவாட்டில் வியர்வை மாதிரி கசிந்து இறங்கியது. காலையில் பார்த்தால் இடுப்பளவு நின்றது. மொண்டு முடித்தால் அடுத்த நாள்தான் மறுபடி.

கொல்லைக்காரம்மா எட்டிப் பார்த்தார். இந்த முறை கிண்டல் இல்லை.

"பரவால்லப்பா. ஒரு மணி நேரம் எஞ்சினு ஓடும். பருத்திக்கு உயிர்த்தண்ணி வுடலாம். குடிக்க ஆச்சி. கரும்ப மறந்துடு."

மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பிறகு ஆரம்பித்தார். "ஒரு மணி நேரத் தண்ணிக்காக இந்தக் காட்டுல குந்திக்கினு கெடக்கணுமா? தலைக்கு மேல பொங்கற தண்ணியில பொறந்தவன் நானு. கொல்லைய வித்துடலாம். கேரளாவுல கூலி நல்லா இருக்குதாம், இந்த ஊருலேருந்தே பத்துக் குடும்பம் போயிருக்குது."

எனக்கு அதைக் கேட்டதும் கால் பரபரத்தது. "நானும் வரேன் மாமா, அங்க நான் போனதே இல்ல," என்றேன்.

அக்கா அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். "நீ வாய மூடு. உனக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான், பஸ்ஸு நிக்கற எடமெல்லாம் உனக்கு ஊரு. நீ போ. அவரு போவணும்னா போவட்டும், சம்பாரிச்சிட்டு வரட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

"ஒத்தப் பொம்பள இங்க இன்னாடி பண்ணுவ?"

"மாடு இருக்குது. ஒரு மணி நேரத் தண்ணி இருக்குது. உங்க ஊருல பொங்கிப் பொங்கி வந்துச்சே, அது நம்மள இருக்க வுட்டுதா?"

மாமா வெளியே போய் நின்றார்.

அக்கா என்னைப் பார்த்து, "மண்வெட்டிய எடு," என்றாள்.

சமையல் பண்ணும் மூலையில் ஒரு குழி வெட்டச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். ஆட்டுக்கல் என்றாள். அந்தக் கல் கிழக்கே அவர்கள் வீட்டில் தரையோடு பதிந்திருந்தது. ஊரை விட்டு வெளியேறியபோது பெயர்த்து எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவள் அதைப் பதிக்கவில்லை. வாடகை வீட்டில் சாக்கை மடித்து அடியில் கொடுத்து, கல் ஆட ஆட அரைப்பாள். மாவாட்டும்போது ஒரு காலால் அதை முட்டுக்கொடுத்துக்கொள்வாள்.

முழங்கால் ஆழத்துக்கு வெட்டினேன். நான் பார்த்த வேலைகளிலேயே ஒரு பொருளை அசையாமல் வைக்கிற வேலை அது ஒன்றுதான். இரண்டு பேருமாகக் கல்லை உருட்டி உள்ளே இறக்கினோம். சுற்றிலும் சல்லியும் கிணற்றிலிருந்து எடுத்த அந்த வெள்ளை மண்ணும் போட்டு உலக்கையால் இடித்தேன்.

மாமா வாசற்படியில் வந்து நின்று பார்த்தார்.

"இதப் பேத்து எடுக்கணும்னா நாலு ஆளு வேணும்," என்றார்.

"அதுக்குத்தான்," என்றாள் அக்கா. கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். இன்னும் லேசாக ஆடியது. "மண்ணு எறுகல. தண்ணி பத்தல."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்.